பெயரைக் கடைசியில் சொல்கிறேன்

டி.ஓ.சி. என்றாலே எங்கள் பிள்ளைகளுக்கு முகம் மாறிவிடும். தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் என்பது அதன் முழுப்பெயர். கணினியால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று ஆராய்கிற, கணினி அறிவியல் படிப்பவர்களுக்கு வருகிற பாடம். "அதுல அரியர் இல்லாம தப்பிச்சவங்க கம்மி" என்று சீனியர்கள் முதல் வருஷத்திலேயே பயமுறுத்தி வைத்திருப்பார்கள். லேப் கிடையாது, ஓட்டிப் பார்க்க நிரல் கிடையாது. வட்டங்கள், அம்புக்குறிகள், கிரேக்க எழுத்துகள், நிரூபணங்கள், அவ்வளவுதான்.

பதினோரு வருஷமாக இந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். திண்டுக்கல் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. நத்தம், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து கல்லூரி பஸ்ஸில் வருகிற பிள்ளைகள். நிறைய பேர் அவர்கள் வீட்டில் முதல் பட்டதாரி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, திடீரென்று எல்லாமே ஆங்கிலம் என்று ஆனதும் வாயைத் திறக்கவே தயங்குகிறவர்கள் கடைசி பெஞ்சில் கணிசமாக இருப்பார்கள். அவர்களுக்கு வராதது ஆங்கிலமா, கணக்கா என்பதை நான் ரொம்ப நாள் பிரித்துப் பார்க்கவே இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, "இந்தப் பையனுக்கு லாஜிக் வராது" என்று முடிவு கட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது.

ஆரம்ப வருஷங்களில், முதல் நாள் முதல் அவரிலேயே (பீரியடை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) போர்டில் எழுதிவிடுவேன்: ஃபைனைட் ஆட்டோமேட்டா என்கிற பொறி ஐந்து உறுப்புகள் கொண்ட ஒரு தொகுப்பு. நிலைகளின் கணம், உள்ளீட்டுக் குறிகளின் கணம், டெல்ட்டா என்கிற மாற்றச் சார்பு, தொடக்க நிலை, ஏற்பு நிலைகளின் கணம். அறுபது பேரும் தலையைக் குனிந்து எழுதிக்கொள்வார்கள். "டவுட் இருக்கா?" என்று கேட்டால் சத்தமே வராது. புரிந்ததால்தான் பேசாமல் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவேன்.

இன்டர்னல் விடைத்தாள்களில் உண்மை தெரியும். அந்த ஐந்து உறுப்பு இலக்கணம் ஓர் எழுத்துப் பிசகாமல் இருக்கும். அதற்கு அடுத்த கேள்வி, பூஜ்யத்தில் முடிகிற தொடர்களை மட்டும் ஏற்கும் ஒரு பொறியை வரையச் சொல்வது. அந்த இடம் வெற்றாக இருக்கும். கண்ணால் பார்க்காத ஒரு மிருகத்தின் பெயரையும் அதன் ஐந்து உறுப்புகளையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். மிருகத்தையே வரையச் சொன்னால் எங்கே போவார்கள்?

அப்புறம் ஒரு நாள் அந்த நோட்டைப் பார்த்தேன்.

ஏதோ ஒரு பயிற்சிக் கணக்கைக் கொடுத்துவிட்டு பெஞ்சுகளுக்கு இடையே நடந்துகொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு பெண். அரசுப் பள்ளியிலிருந்து வந்தவள், வகுப்பில் ஒருநாளும் பேசியதில்லை. நான் கொடுத்த கணக்கை விட்டுவிட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். சொற்களை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, கீழே நேர், நிரை, நிரை, நேர் என்று குறித்திருந்தாள். தமிழ் மன்றப் போட்டிக்கு வெண்பா எழுதுகிறாளாம். திட்டப் போகிறேன் என்று நினைத்து நோட்டை மூடப் போனாள்.

"இது என்னம்மா?"

"அலகிடுறது மேம். தளை தட்டுதான்னு பாக்கறேன்."

பள்ளியில் படித்ததெல்லாம் எனக்கு மறந்தே போயிருந்தது. "எனக்குச் சொல்லு" என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். சொன்னாள். அந்த வகுப்பில் அவள் குரலை நான் கேட்டது அதுதான் முதல்முறை.

மறந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். எழுத்துகள் சேர்ந்து அசை ஆகும். அசை இரண்டே வகைதான், நேர், நிரை. அசைகள் சேர்ந்து சீர். இரண்டு அசைச் சீர் நேரில் முடிந்தால் மாச்சீர், நிரையில் முடிந்தால் விளச்சீர். மூன்று அசைகள் வந்து கடைசி அசை நேர் என்றால் காய்ச்சீர், நிரை என்றால் கனிச்சீர். வெண்பாவுக்குள் கனிச்சீர் வரவே கூடாது. ஒரு சீருக்கும் அடுத்த சீருக்கும் உள்ள கட்டுதான் தளை. மாவுக்கு அடுத்து நிரை வர வேண்டும், விளத்துக்கு அடுத்து நேர், காய்க்கு அடுத்தும் நேர். இது பிசகினால் தளை தட்டுகிறது என்போம். குறள் வெண்பா என்றால் முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்கிற நான்கு வாய்பாடுகளில் ஒன்றில் முடிய வேண்டும்.

அவள் சொல்லச் சொல்ல என் மண்டைக்குள் வட்டங்களும் அம்புகளும் ஓடின. கடைசியாக வந்த சீரை மட்டும் நினைவில் வைத்துக்கொள், அடுத்த சீரைப் பார், சரியா தவறா என்று சொல், நகர்ந்து போ. நான் போர்டில் எழுதி எழுதிச் சலித்த அதே பொறி. இந்தப் பெண் அதைப் பத்தாம் வகுப்பிலிருந்து மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். அதன் பெயர்தான் அவளுக்குத் தெரியாது. நானோ பெயரை மட்டும் கொடுத்துவிட்டு அவளுக்கு லாஜிக் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் முதல் வகுப்பில் போர்டைத் தொடவே இல்லை. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளச் சொல்லி, தரையில் சாக்பீஸால் பெரிய வட்டங்கள் போட்டேன். தொடக்கம், மா, விளம், காய், தள்ளி ஓரமாகத் தவறு. ஒரு பையனைத் தொடக்க வட்டத்தில் நிறுத்தினேன். தமிழ் நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் சீரைப் பிரித்துச் சொல்ல வேண்டும், அவன் நடக்க வேண்டும். முதல் குறளை எடுத்துக்கொண்டோம், அது எல்லோருக்கும் வரும்.

அகர: அக, ர. நிரை நேர், மாச்சீர். மா வட்டத்துக்குப் போனான். முதல: நிரையில் தொடங்குகிறது, சரி, மறுபடியும் மா. நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தான். தன் நிலைக்கே திரும்பும் அம்பு அதுதான் என்று அப்போது நான் சொல்லவில்லை. எழுத்தெல்லாம்: எழுத், தெல், லாம். நிரை நேர் நேர், காய்ச்சீர். காய் வட்டம். ஆதி: நேரில் தொடங்குகிறது, காய்க்கு அடுத்து நேர் சரிதான், மா வட்டம். பகவன், முதற்றே இரண்டும் நிரையில் தொடங்கி மாவில் நிற்கின்றன. உலகு: நிரையில் தொடங்கி, பிறப்பு என்னும் வாய்பாட்டில் முடிகிறது. பின்பெஞ்சிலிருந்து கைதட்டல்.

"இப்போ 'ஆதி'க்குப் பதிலா 'இறைவன்'னு போடுங்க" என்றேன். இறை, வன். நிரையில் தொடங்குகிறது. காய் வட்டத்தில் நின்றவன் திகைத்தான். "தளை தட்டுது, போ, போ" என்று எல்லோரும் கத்த, ஓரத்தில் இருந்த தவறு வட்டத்துக்குப் போனான். அதற்குப் பிறகு வந்த சீர்கள் எதுவாக இருந்தாலும் அங்கேயேதான் நிற்க வேண்டும், திரும்பி வர வழி கிடையாது. ஒரு கனிச்சீர் வந்தாலும் அதே கதிதான்.

சிலபஸில் ஒன்பதாவது அவரில் வரவேண்டிய ஒரு விஷயத்தை ஒரு பையன் அப்போதே கண்டுபிடித்தான்.

"மேம், விளத்துக்கும் காய்க்கும் எதுக்கு ரெண்டு வட்டம்? ரெண்டுலயும் அடுத்து நேர்தானே வரணும். ஒண்ணாப் போட்டா போதுமே."

ஒருத்தி துடைப்பம் எடுத்து வந்து ஒரு வட்டத்தை அழித்தாள். மிச்சம் இருந்த வட்டங்களில் பெயர்களை மாற்றி எழுதினோம்: 'நிரை வேண்டும்', 'நேர் வேண்டும்'. எந்தச் சீரிலிருந்து வந்தோம் என்பது முக்கியமில்லை, இனிமேல் என்ன வரலாம் என்பதுதான் முக்கியம். ஜான் மைஹில், அனில் நெரோட் என்ற இரண்டு கணிதவியலாளர்கள் 1950களின் பிற்பகுதியில் தேற்றமாக நிறுவியது இந்தக் கருத்தைத்தான். என் பழைய வகுப்புகளில் அதற்கு ஒரு முழு அட்டவணை போட்டு, கட்டம் கட்டமாகப் பெருக்கல் குறி வைத்து, மாணவர்கள் தூங்கிப்போவார்கள். இங்கே துடைப்பத்தால் நடந்து முடிந்தது.

அப்புறம் சீர்களை எண்ணுவது. ஏழாவது சீர் வந்துவிட்டதா என்று பொறிக்கு எப்படித் தெரியும்? எண்ணிக்கையையும் வட்டத்துக்குள்தான் வைக்க வேண்டும். ஒன்று முதல் ஆறு சீர் வரை ஒவ்வொன்றுக்கும் இரண்டு வட்டம், பன்னிரண்டு. தொடக்கம் ஒன்று, குறள் சரியாக முடிந்தது என்று ஒன்று, தவறு ஒன்று. மொத்தம் 15. தரையில் இடம் போதாமல் தாளில் வரைந்தார்கள். "எதுகையையும் பாக்கணும்னா?" என்று ஒருத்தி கேட்டாள். முதல் சீரின் இரண்டாம் எழுத்தை நினைவில் வைக்க வேண்டும். தமிழில் எழுத்து 247. வட்டங்கள் பெருகும், ஆனால் எண்ணி முடித்துவிடலாம். அந்த 'எண்ணி முடித்துவிடலாம்' என்பதைத்தான் ஃபைனைட் என்கிறோம் என்று அடுத்த நாள் சொன்னேன். ஐந்து உறுப்பு இலக்கணத்தையும் அன்றுதான் எழுதினேன். அவர்கள் தலையைக் குனிந்து எழுதவில்லை. "சிக்மா என்னது மேம், சீர்களா?" "டெல்ட்டாங்கறது தளைதானே?" என்று கேட்டுக்கொண்டே எழுதினார்கள்.

கடினமான பாடத்தை எப்படி நடத்துவது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான். பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். நாம் எல்லாவற்றுக்கும் விடையை முதலில் வைக்கிறோம். கேள்வி அவர்களுக்குள் எழும் முன்பே விடை போர்டில் இருக்கிறது. கேள்வி எழாத இடத்தில் விடை வெறும் எழுத்துதான்.

தமிழைக் கொண்டுவந்து ஒட்டவைத்த வித்தை என்று சில சக ஆசிரியர்கள் நினைத்தார்கள். ஆனால் இந்தப் பாடத்தின் பாதி வேர் மொழியில்தான் இருக்கிறது. 1956ல் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி எழுதிய கட்டுரை மனித மொழியை விவரிக்க எந்த வகை இலக்கணம் போதும் என்று ஆராய்ந்தது. இன்று நாங்கள் யூனிட் யூனிட்டாக நடத்தும் இலக்கணங்களின் படிநிலை அதிலிருந்துதான் வளர்ந்தது. மொழியிலிருந்து வந்த பாடத்தை மொழி வழியாக நடத்துவது வழி மாறிப் போவதாகாது.

இரண்டாவது யூனிட்டுக்குக் கேன்டீனில் எவர்சில்வர் தட்டுகள் கேட்டு வாங்கினேன். எந்த முனையிலிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் சொல், விகடகவி. தட்டின் பின்புறத்தில் மார்க்கரால் வி என்று எழுதி வை. அதன்மேல் க. நடுவில் ட. இனி ஒவ்வோர் எழுத்து வரும்போதும் மேல் தட்டை எடுத்துப் பார்: க வந்தது, மேலே க இருக்கிறது, எடு. வி வந்தது, வி இருக்கிறது, எடு. அடுக்கு காலி, சொல் சரி. எத்தனை நீளச் சொல்லானாலும் தட்டு இருந்தால் போதும். ஆனால் வட்டங்கள் மட்டும் இருந்தால்? எவ்வளவு நீளம் வரும் என்று தெரியாதபோது எத்தனை வட்டம் போட்டு வைப்பாய்? போதாது என்று அவர்களே சொன்னார்கள்.

இந்த வித்தையைத் தமிழில் மாலைமாற்று என்போம். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் ஒரு பதிகமே இப்படிப் பாடியிருக்கிறார். முதல் பாட்டைப் போர்டில் எழுதினேன், 28 எழுத்து. இரண்டு பேர் இரண்டு முனையிலிருந்து விரல் வைத்துக்கொண்டு வர, வகுப்பு மொத்தமும் எழுந்து நின்று பார்த்தது. தேவாரத்தைத் தட்டு வைத்துச் சரிபார்த்த வகுப்பு வேறு எங்காவது நடந்திருக்குமா தெரியாது, எனக்கு அன்று உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அப்போது தட்டு அடுக்கிக்கொண்டிருந்த பையன் நிறுத்திவிட்டுக் கேட்டான். "மேம், நடு எதுன்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சதால எடுக்க ஆரம்பிச்சேன். எழுத்து ஒவ்வொண்ணா வந்துட்டே இருந்தா, இதுதான் நடுன்னு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விக்காக ஓர் ஆசிரியர் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம். மைக்கேல் ராபினும் டேனா ஸ்காட்டும் 1959ல் எழுதிய கட்டுரையில், ஒரே நேரத்தில் பல வழிகளில் போகக்கூடிய பொறி என்ற கருத்தைக் கொண்டுவந்தார்கள். அதற்காக 1976ல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதும் பெற்றார்கள். நான்-டிட்டர்மினிஸ்டிக் என்ற அந்தச் சொல்லைப் பழைய வகுப்புகளில் நான் சொன்னபோதெல்லாம், எதற்காக இப்படி ஒரு விசித்திரம் என்றே பிள்ளைகள் பார்ப்பார்கள். இன்று அந்தப் பையனுக்கு அது தேவைப்பட்டது. "ஊகிக்கலாம்னு வச்சுக்கோ. ஒவ்வோர் எழுத்திலும் இதுதான் நடுன்னு ஊகிக்கிற ஒருத்தன் கிளம்பிப் போறான். அத்தனை பேர்ல ஒருத்தன் சரியா முடிச்சா போதும்" என்றேன். அவன் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்திலும் இதே வழிதான். அங்கே கஷ்டம் வேறு மாதிரி. ஒரே நேரத்தில் இரண்டு நிரல்கள் ஓடினால் என்ன ஆகும் என்பதைக் கண் பார்க்காது. போர்டில் 10 என்று எழுதி, இரண்டு பேரைக் கூப்பிட்டேன். ஆளுக்கு ஐந்து முறை ஒன்று கூட்ட வேண்டும். விதி இதுதான்: போர்டில் உள்ள எண்ணைப் படி, உன் பெஞ்சுக்குத் திரும்பி நோட்டில் ஒன்றைக் கூட்டு, மறுபடி போய்ப் பழையதை அழித்துப் புதியதை எழுது. 20 வர வேண்டும். 16 வந்தது. மறுபடி செய்தார்கள், 15. இருவரும் கணக்கில் தவறே செய்யவில்லை என்று நோட்டைக் காட்டிச் சண்டை பிடித்தார்கள். வகுப்பு அவர்கள் நடையைத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்து, இவள் எழுதும் முன்பே அவன் பழைய எண்ணைப் படித்துவிட்டான் என்று கண்டுபிடித்தது. "டஸ்டர் யார் கையில இருக்கோ அவங்க மட்டும் போர்டுக்குப் போகணும்" என்று முன்வரிசையிலிருந்து ஒருத்தி விதி போட்டாள். ரேஸ் கண்டிஷன் என்று பாடநூல் சொல்வது அந்த மோதலைத்தான், லாக் என்பது அந்த டஸ்டர்தான்.

டெட்லாக்குக்கு, அதாவது ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து யாருமே நகர முடியாமல் நிற்பதற்கு, உலகமெங்கும் சொல்வது ஐந்து தத்துவஞானிகள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து முள்கரண்டிக்குக் காத்திருக்கும் கதை. 1965ல் கணினி விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா தன் மாணவர்களுக்குத் தேர்வுக் கேள்வியாகக் கொடுத்தபோது அது கணினிகள் டேப் கருவிகளுக்குப் போட்டி போடும் கணக்காகத்தான் இருந்தது. தத்துவஞானிகளை உட்கார வைத்தவர் இன்னொரு கணினி விஞ்ஞானி, டோனி ஹோர். கையால் பிசைந்து சாப்பிடுகிற எங்கள் பிள்ளைகளுக்கு ஒருவருக்கு ஏன் இரண்டு முள்கரண்டி என்பதே முதலில் விளங்குவதில்லை. நான் அதைப் பந்திக்குக் கொண்டுவந்தேன். சாம்பார் பரிமாற வாளியும் வேண்டும், கரண்டியும் வேண்டும். இருப்பது ஒரு வாளி, ஒரு கரண்டி. ஒருவன் வாளியைப் பிடித்துக்கொண்டு கரண்டிக்கு நிற்கிறான், மற்றவன் கரண்டியைப் பிடித்துக்கொண்டு வாளிக்கு நிற்கிறான். இலை போட்டு உட்கார்ந்தவர்கள் சோற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கல்யாண வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. தீர்வும் அவர்களிடமிருந்தே வந்தது: யாராக இருந்தாலும் முதலில் வாளியைத்தான் எடுக்க வேண்டும், வாளி கிடைத்த பிறகே கரண்டியைத் தொடலாம். டெட்லாக் வர நான்கு நிபந்தனைகளும் ஒருசேர இருக்க வேண்டும் என்று காஃப்மனும் அவருடைய சகாக்களும் 1971ல் வரிசைப்படுத்தினார்கள். அதில் நான்காவதை, ஒருவருக்காக ஒருவர் வட்டமாகக் காத்திருப்பதை, இந்த ஒரு விதி உடைத்துவிடுகிறது.

எல்லாம் நன்றாகப் போனது என்று சொன்னால் அது உண்மையாகாது. முதல் வருஷம் பல்கலைக்கழகத் தேர்வு முடிவு நான் எதிர்பார்த்தது போல வரவில்லை. பத்து டூ மார்க், ஐந்து பதின்மூன்று மார்க், ஒரு பதினைந்து மார்க் என்று இருக்கிற வினாத்தாளுக்கு, தரையில் நடந்த ஞாபகம் மட்டும் போதாது. வகுப்பில் துள்ளிக் குதித்தவர்களே தேர்வில் தடுமாறினார்கள். அவர்களுக்கு எல்லாம் புரிந்திருந்தது, புரிந்ததைத் தாளில் எழுதும் பழக்கத்தை நான் கொடுக்கவில்லை. இப்போது தரையில் என்ன செய்தாலும், வகுப்பு முடிய பதினைந்து நிமிஷம் இருக்கும்போது எல்லோரும் உட்கார்ந்துவிட வேண்டும். நடந்ததை அவரவர் கைப்படச் சிக்மா, டெல்ட்டாவோடு எழுத வேண்டும். ஆங்கிலத்தில் முடியாதவர்கள் முதலில் தமிழில் எழுதலாம். பிறகு நானும் அவர்களும் சேர்ந்து வாக்கியம் வாக்கியமாக மாற்றுவோம்.

நிரூபணங்களுக்கு வேறொன்று கைகொடுத்தது. 2006ல் நியூசிலாந்தில் டேல் பார்சன்ஸ், பாட்ரிசியா ஹேடன் என்ற இருவர், நிரலின் வரிகளைக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லும் பயிற்சியை வெளியிட்டார்கள். நான் அதை நிரூபணத்துக்கு எடுத்துக்கொண்டேன். ஒரு மொழியை வெறும் வட்டங்களால் பிடிக்க முடியாது என்று காட்ட உதவும் பம்பிங் லெம்மா நிரூபணத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, வரி வரியாகக் கத்தரித்து, கல்யாணப் பத்திரிகைக் கவர்களில் போட்டு நான்கு பேருக்கு ஒன்றாகக் கொடுப்பேன். அதற்கு முன்னால் ஓர் ஆட்டமும் உண்டு. எதிராளி ஓர் எண் சொல்வார், நான் அந்த நீளத்துக்குக் குறையாத ஒரு சொல் தருவேன், அவர் அதை விதிப்படி மூன்றாக உடைப்பார், நடுத்துண்டை எத்தனை முறை திரும்பச் சொல்வது என்று நான் முடிவு செய்வேன். சொல் மொழியை விட்டு வெளியே போய்விட்டால் எனக்கு வெற்றி. யார் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதில்தான் அந்த நிரூபணத்தின் கஷ்டமெல்லாம் இருக்கிறது.

நடிப்பே வழிதவறச் செய்ததும் உண்டு. எந்த நிரலைக் கொடுத்தாலும் அது ஓடி நிற்குமா, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று சொல்லிவிட முடியுமா என்பதுதான் ஹால்டிங் ப்ராப்ளம். அதற்கு ஒருத்தியை ஜோசியராக உட்காரவைத்தேன். எதிரே ஒரு பையன். அவன் உட்காருவானா, நின்றுகொண்டே இருப்பானா என்று அவள் சொல்ல வேண்டும். அவள் எதைச் சொன்னாலும் அவன் அதற்கு நேர்மாறாகச் செய்வான். ஜோசியம் பலிக்கவே பலிக்காது. எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் அவர்கள் மனதில் நின்றது பிடிவாதக்காரப் பையன். 1936ல் ஆலன் டூரிங் காட்டியதன் உயிர் இருப்பது வேறு இடத்தில்: ஒரு நிரலை இன்னொரு நிரலுக்கு உள்ளீடாகக் கொடுக்கலாம், தன்னைத்தானேகூடக் கொடுத்துக்கொள்ளலாம் என்பதில். அந்தப் பையனுக்குள்ளேயே ஜோசியர் இருக்க வேண்டும். அதை நடித்துக் காட்ட எனக்கு வழி கிடைக்கவில்லை. அதனால் அந்த ஒன்றைப் போர்டில்தான், மெதுவாக, இரண்டு அவர் எடுத்து நடத்துகிறேன்.

இன்னொரு குறை, வெண்பா எல்லோருக்கும் சொந்தமில்லை. ஒரு வருஷம் பீகாரிலிருந்து வந்த ஒரு பையன் ஓரமாக நின்றான். மற்றவர்கள் அலகிடும்போது அவனுக்கு எதுவும் ஒட்டவில்லை. ஆங்கிலத்தால் ஒதுங்கி நின்ற பிள்ளைகளை உள்ளே கூப்பிடப் போய், இன்னொருவனைத் தமிழால் வெளியே நிறுத்திவிட்டேன். "உங்க ஊர்ப் பாட்டுல ஏதாவது கணக்கு உண்டா?" என்று கேட்டேன். மறுநாள் தோஹா என்கிற இந்தி ஈரடிப் பாட்டோடு வந்தான். ஒவ்வோர் அடியிலும் 13 மாத்திரை, நிறுத்தம், பிறகு 11 மாத்திரை. குறில் ஒன்று, நெடில் இரண்டு. அவனே போர்டுக்கு வந்து எண்ணுகிற பொறியை வரைந்தான். எங்கள் யாப்பு அசையில் நடக்கிறது, அவர்களுடையது மாத்திரையை எண்ணுகிறது, இரண்டும் வட்டங்களுக்குள் அடங்குகின்றன. அன்றிலிருந்து பருவத்தின் முதல் வாரமே அவரவர் வீட்டு மொழியிலிருந்து ஒரு பாட்டைக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறேன்.

நேரம் எங்கே இருக்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு பாடத்துக்கு 45 அவர், ஐந்து யூனிட். வெண்பாவுக்கே நான்கு அவர் போகிறது. ஆனால் போர்டில் எழுதிப்போட்டு அவர்கள் காப்பி எடுக்கும் நேரத்தை மொத்தமாக விட்டுவிட்டேன். குறிப்புகளை முன்பே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறேன். ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து செய்துவருவதையும் சேர்த்துக்கொண்டேன். ஒரு கேள்வி, கை தூக்கி விடை, பக்கத்தில் இருப்பவரோடு மூன்று நிமிஷம் வாக்குவாதம், மறுபடி கை தூக்கல். நான் அரை அவர் விளக்கினாலும் போகாத தவறான புரிதல், பக்கத்து பெஞ்சுக்காரி தமிழில் இரண்டு வரி சொன்னால் போய்விடுகிறது.

இந்த வருஷம் நடந்த ஒன்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். மாலைமாற்று முடிந்த மறுநாள் ஏகபாதம் எழுதினேன். அதுவும் சம்பந்தர் பாடியதுதான், ஒரே அடி நான்கு முறை வரும், ஒவ்வொரு முறையும் பொருள் வேறு. நான்கு வேண்டாம், இரண்டு முறை வந்தால் போதும், தட்டு அடுக்கு அதைச் சரிபார்க்குமா என்று கேட்டேன். எழுத்துகளைத் தட்டில் வைத்தார்கள். அடி மறுபடி தொடங்கும்போது முதல் எழுத்து வேண்டும், அது அடுக்கின் அடியில் கிடக்கிறது. மேலே இருப்பதோ கடைசி எழுத்து. தலைகீழாக வருவதைப் பிடித்த அடுக்கு, நேராகத் திரும்பி வருவதைப் பிடிக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற காரணம் இது, முறையான நிரூபணம் பிறகு செய்வோம் என்று சொல்லி வகுப்பை முடித்தேன்.

எல்லோரும் பஸ்ஸுக்குப் போன பிறகு ஒருத்தி மட்டும் நின்றாள். ஒட்டன்சத்திரம் பக்கம், தமிழ்வழியில் படித்தவள், எழுத்துத் தேர்வில் சராசரி மதிப்பெண்.

"மேம், இன்னொரு அடுக்கு இருந்தா?"

"இருந்தா?"

மேஜையில் இருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக மேலிருந்து எடுத்துப் பக்கத்தில் அடுக்கினாள். கடைசி எழுத்து அடிக்குப் போனது, முதல் எழுத்து மேலே வந்து உட்கார்ந்தது. என்னை அடியை மறுபடி படிக்கச் சொன்னாள். நான் ஓர் எழுத்தைச் சொல்ல, அவள் ஒரு தட்டை எடுக்க, ஒன்றுகூடப் பிசகவில்லை. கடைசித் தட்டையும் எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ரெண்டு அடுக்கு இருந்தா வேற என்னெல்லாம் செய்யலாம் மேம்?"

இரண்டு அடுக்கு இருந்தால் டூரிங் பொறி செய்வது எல்லாவற்றையும், அதாவது கணினியால் முடிகிற எல்லாவற்றையும், செய்யலாம். அது அடுத்த யூனிட். வாய் வரை வந்த பெயரை அடக்கிக்கொண்டு, தட்டுகளை அவளிடமே கொடுத்து, நாளைக்குக் கொண்டுவரச் சொன்னேன். பஸ் ஹாரன் அடித்தது. தட்டுகளை பேக்குக்குள் திணித்துக்கொண்டு ஓடினாள்.